மூன்றாம் கட்டளை, நான்காம் கட்டளை, எங்கள் வீட்டுப் பாத்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ரிட்டயர்ட் ஆன பிறகு ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். 12 வயது முதல் 15 வரை. இப்போது பத்துக் கட்டளை பாடம் நடக்கிறது.

முதல் வாரமே ஒரு குழப்பம். லீவுக்குத் தரங்கம்பாடி பக்கம் தாத்தா வீட்டுக்குப் போய் வந்த பையன் எழுந்து, "டீச்சர், ஆண்டவர் பேரை வீணா சொல்லக்கூடாதுங்கிறது ரெண்டாம் கட்டளைன்னு தாத்தா சொன்னாங்க. நீங்க மூணுங்கீங்க" என்றான். தாத்தா லுத்தரன் சபை. அவர்களும் கத்தோலிக்கரும் விக்கிரகம் பற்றியதை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணி, கடைசியில் இச்சை பற்றியதை இரண்டாகப் பிரிப்பார்கள். நம் சி.எஸ்.ஐ. கணக்கில் இவை 3, 4. அவர்களுக்கு 2, 3. இதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் யாத்திராகமம் 20-ஐயும் உபாகமம் 5-ஐயும் தாங்களாகவே திருப்பிப் பார்த்தார்கள். அந்த மட்டும் லாபம்.

நாமத்தை வீணாக்குவது என்றால் என்ன என்று கேட்டேன். "ஓ மை காட் சொல்றது" என்று ஒரே குரலில் பதில். அது சின்ன விஷயம். எபிரெயத்தில் அந்த இடத்தில் வரும் வினைச்சொல்லுக்குத் தூக்குவது, சுமப்பது என்று பொருள். யூதர்கள் அந்த நான்கெழுத்துப் பெயரை வாயால் உச்சரிப்பதே இல்லை. வாசிக்கும்போது ஆண்டவர் என்ற பொருளுள்ள அதோனாய் என்பார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் என்று வருவது பெரும்பாலும் அந்தப் பெயருக்குப் பதிலாகத்தான். அப்படிக் காத்த பெயரை நாம், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று வாட்ஸப்பில் ஓட விடுகிறோம். (இதற்குக் கீழே வெறுமனே ஆமென் போடுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள்.)

பிறகு என் கதையையே சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஐந்தாம் வகுப்பு. மேஜை மேல் வைத்த இருபது ரூபாயைக் காணோம். ஒரு பையன் மேல் சந்தேகம். வேதாகமத்தைக் கையில் கொடுத்து, "ஆண்டவர் பேர்ல சத்தியம் பண்ணு" என்றேன். அவன் மாட்டேன் என்றான். "சத்தியமே பண்ணக்கூடாதுன்னு எங்க ஆச்சி சொல்லிருக்கு டீச்சர்." திருட்டு முழிதான் அது என்று முடிவு கட்டி மத்தியான மணி அடிக்கும்வரை வெளியே நிறுத்தினேன். சாயங்காலம் பணம் வருகைப் பதிவேட்டுக்குள் இருந்தது. அன்று அந்த நாமத்தை வீணிலே வழங்கியது யார்? அவன் இல்லை.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பிள்ளை மட்டும், "ஸாரி சொன்னீங்களா டீச்சர்?" என்றாள். இல்லை. "சரி, போய் உக்காரு" என்று மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் ஓய்வுநாள். சனியா ஞாயிறா என்ற கேள்வி வந்தது. பக்கத்துத் தெருவில் அட்வென்டிஸ்ட் குடும்பம் இருப்பதால் எப்படியும் வரும். ஆதிச் சபை உயிர்த்தெழுந்த நாளைப் பிடித்துக்கொண்ட விதத்தைச் சொல்லிக் கடந்துவிட்டேன். நான் நிறுத்திச் சொன்னது வேறு. யாத்திராகமத்தில் காரணம் படைப்பு: தேவன் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமத்தில் காரணம் எகிப்து: நீயும் அடிமையாக இருந்தவன், அதை மறக்காதே, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறட்டும். மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று ஓய்வு. ஞாயிறு டியூஷனை மனதில் வைத்து, பெற்றோருக்கும் உறைக்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை நின்றாள். "டீச்சர், எங்கம்மா ஏன் கோயிலுக்கு வாரதில்லைன்னு போன மாசம் கேட்டீங்கல்லா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை நேரத்துல அவங்க உங்க வீட்லதான் பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்காங்க."

பிள்ளை குற்றம் சாட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நாங்கள் முதல் மணிக்கே கிளம்பிவிடுவோம். அவர் வேலையை முடித்து, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து வருடமாக இப்படித்தான். ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அவரிடம், இனி ஞாயிறு வர வேண்டாம், சம்பளம் குறையாது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன டீச்சர், நான் எதுவும் தப்பு பண்ணிட்டனா?" என்றார். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. அப்படியும் அந்த ஞாயிறு ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றார். "அந்த வீட்டுக்கு எப்படியும் வரணும், அதான் இங்கயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார். அந்த இன்னொரு வீடும் நம் சபைதான். இந்த வாரம் நானே நேரில் போய்ப் பேசுகிறேன்.

இப்போது ஞாயிறு பாத்திரம் நானும் எங்கள் வீட்டுக்காரரும். அவர் தேய்ப்பார், நான் அலசுவேன். கறிச் சட்டியை மட்டும் ஊறப்போட்டுத் திங்கட்கிழமைக்கு வைத்துவிடுகிறோம். அதை அந்தப் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.