கடைசிப் பத்து மீட்டர்

கைபேசித் திரையில் தொலைவு பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால், கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஜியோகேஷிங்குக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுகிறார். இன்னொருவர் ஜிபிஎஸ் துணையோடு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார். எண்கள் நம்மைப் பெட்டியின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அதன் பிறகு கண்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவை கிரானைட் பாறைகள்.

மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில், தட்டையான சமவெளிக்கு நடுவே வலப்பக்கம் திடீரென்று எழுந்து நிற்கும் குன்றுகள் யூ யாங்ஸ். வதவுரங் பூர்வகுடி மக்களின் நிலம். இவற்றில் உயரமானது ஃபிளிண்டர்ஸ் சிகரம், சமவெளிக்கு மேல் 319 மீட்டர். டர்ன்டேபிள் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து உச்சிக்குப் போய்வர 3.2 கிலோமீட்டர் நடை, 450 படிகள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று அறிவிப்புப் பலகைகள் சொல்லும். பெட்டி தேடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

1802 மே 1 அன்று கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் இந்த உச்சியில் ஏறி நின்றார். தன் கப்பலான இன்வெஸ்டிகேட்டரின் பெயரை ஒரு தாளில் எழுதி, அங்கே சிறிய கற்குவியல் ஒன்றுக்குள் வைத்துவிட்டு இறங்கினார். 198 ஆண்டுகள் கழித்து அதே மே 1 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே புகுத்திவந்த பிழையை நிறுத்தப்போவதாக அமெரிக்க அதிபர் கிளிண்டன் அறிவித்தார். அதுவரை கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிப்போகும். பிழை நீங்கிய மறுநாளே, 2000 மே 3 அன்று, டேவ் உல்மர் ஆரிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒரு வாளியில் சில பொருட்களை வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜியோகேஷிங் பிறந்த கதை இதுதான். ஏறிவந்த உயரத்தில் ஒரு தாளை விட்டுச்செல்லும் ஆசையோ அதற்கும் முந்தையது.

எண்கள் ஏன் கடைசிவரை வருவதில்லை? பெட்டியின் இடத்தைப் பாகை, கலை (மினிட்), கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுகிறோம். அட்சரேகையில் அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் 1.85 மீட்டர் நகரும். இந்தக் குன்றுகள் இருக்கும் 38 பாகைத் தெற்கில், தீர்க்கரேகையில் அதே மாற்றம் ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எழுதும் முறை இவ்வளவு நுட்பமானது. கருவி அப்படியில்லை. வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் பிசகும். பெரிய பாறைகளுக்கு நடுவே, செயற்கைக்கோளின் குறிகை பாறை முகத்தில் பட்டுத் திரும்பிச் சுற்றி வருவதால் தூரக் கணக்கு இன்னும் குழம்பும். ஒளித்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும். இரண்டும் சேரும்போது திரையில் திசைகாட்டும் முள் இங்கும் அங்கும் ஆடுவதில் வியப்பில்லை. முள் ஆடும்போது அதன் பின்னால் அலைகிறவர் செடியைத்தான் மிதிப்பார்.

பாறையைப் படிப்பது அதைவிட நல்ல வழி. ஆழத்தில் மெல்ல இறுகிய கிரானைட், மேலே இருந்த பாரம் தேய்ந்து நீங்கியபோது விரிந்து, விரிசல் கண்டது. வெளிப்பரப்பு வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாகக் கழன்றது. விரிசல்களில் இறங்கிய நீர் ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கி, குவார்ட்ஸை மணலாக உதிர்த்தது. மூலைகளை இரண்டு மூன்று பக்கமும் நீர் தாக்குவதால் அவை முதலில் தேய்ந்து, கட்டிகள் உருண்டைகளாயின. ஆகவே இங்கே ஒளிக்கத்தக்க இடங்கள் மூன்றே வகை: ஏடு கழன்ற இடத்தின் அடி, நேர்கோட்டு விரிசல், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த உருண்டைகளின் இடுக்கு. நான் போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நேரம் ஓரிடத்திலேயே நின்று, இந்த மூன்றும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்வையாலேயே எண்ணிக்கொள்வேன். பிறகுதான் ஓர் அடி.

அடுத்தது, பாறை தானாகச் செய்யாததைத் தேடுவது. உதிர்ந்த குச்சிகள் தாறுமாறாகக் கிடக்கும். இணையாக அடுக்கிக் கிடந்தால் அது மனிதக் கை. கல்பாசி வெளிச்சம் படும் முகத்தில்தான் படரும். ஒரு கல்லின் பாசி படிந்த முகம் கீழே திரும்பி, மண்ணிறம் மேலே தெரிந்தால் அதை யாரோ புரட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு பாடம் போதும், பாதிப் பெட்டிகள் கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விடவே கூடாது. வெயில் காலத்தில் பாம்புக்கும் அதே இடுக்குதான் வீடு. முதலில் நடைக்கோல் போகட்டும், பிறகு டார்ச் வெளிச்சம், கடைசியாகக் கை. பெட்டியின் அடிப்பக்கத்தையும் பார்த்துத் தூக்குங்கள். சிவப்பு முதுகுச் சிலந்திக்கு அந்த நிழல் மிகவும் பிடிக்கும்.

தேடுவதைவிடப் பொறுப்பான வேலை ஒளிப்பது. ஒளிப்பவர் பெட்டிக்கு மட்டும் இடம் தேர்ந்தெடுப்பதில்லை. இனி அங்கே வரப்போகும் அத்தனை கால்களும் எங்கே படும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது வேண்டும், நிலத்தைப் பராமரிப்பவரின் அனுமதி வேண்டும் என்ற விதிகள் எல்லாருக்கும் தெரியும். கிரானைட்டில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. பாறைச் சரிவில் பாசி மெத்தை பிடித்து, அது சேர்த்துவைக்கும் விரற்கடை மண்ணில்தான் சின்னஞ்சிறு செடிகள் வேர் விடுகின்றன. ஒரு பூட்ஸ் வழுக்கினால் மெத்தை முழுவதும் உரிந்து வந்துவிடும். திரும்பப் படர ஆண்டுக் கணக்கில் ஆகும். அதனால் வெறும் பாறைமேல் நின்றபடியே கையெட்டும் இடத்தைத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன். வெவ்வேறு நாட்களில் எண்களை எடுத்துச் சராசரி பார்க்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்புகள் தர வேண்டும். தேடும் கடினத்தைக் கண்ணுக்கு வைக்கலாம், காலுக்கு வைக்கக் கூடாது. எங்கே இருக்கிறதென்றே ஊகிக்க முடியாத பெட்டி, சுற்றுவட்டாரத்தையே கிளறவைக்கும். துல்லியமான குறிப்பு ஒன்று எழுதினால் அந்த இடம் பிழைக்கும்.

பெட்டியும் ஒழுங்காக இருக்க வேண்டும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள, நீர் புகாத டப்பா. உள்ளே பென்சில், ஏனென்றால் ஈரத் தாளில் பேனா எழுதாது. தற்செயலாகப் பார்ப்பவர் பதறாதபடி, இது இன்னதென்று வெளியே ஓர் ஒட்டுச்சீட்டு. தின்பண்டம் எதுவும் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்து வந்து கடித்துக் குதறிவிடும்.

பெட்டியே வைக்கக் கூடாத இடங்களும் இந்தக் குன்றுகளில் உண்டு. பிக் ராக் என்ற பெரும்பாறையில், மழைநீர் தேங்கும் குழிகளை வதவுரங் மக்கள் குடைந்து ஆழப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வறண்ட சமவெளியில் அவைதான் அவர்களுக்குக் கிணறாக இருந்தன. அத்தகைய இடத்துக்கு ஒருவரை அழைத்துப் போவதென்றால் தகவலை மட்டும் கொண்டு அழைத்துப் போகலாம். எர்த்கேஷ் என்ற வகை அதற்கு வழி காட்டுகிறது. அதில் பெட்டி கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், பாறையைக் கவனித்து, அதன் புவியியலைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். உலகின் முதல் எர்த்கேஷ் 2004 இல் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் அமைந்தது என்பதில் இங்கே நடக்கிற எங்களுக்குப் பெருமை.

உச்சியில் நின்றால் கீழே புஞ்சில் கழுகின் உருவம் தெரியும். வதவுரங் மக்களின் படைப்புத் தெய்வமான அதை 2006 இல் சிற்பி ஆண்ட்ரூ ரோஜர்ஸ் கற்களால் தரைமேல் அமைத்தார். இறக்கையின் விரிவு நூறு மீட்டர். அப்பால் போர்ட் ஃபிலிப் விரிகுடா, தொலைவில் மெல்பர்னின் கோபுரங்கள். இவற்றைப் பார்க்க ஜிபிஎஸ் வேண்டாம், படிகள் போதும். ஆனால் காலடியில் இருக்கும் பாறையை, அதன் ஏட்டை, விரிசலை, பாசியை இத்தனை பக்கத்திலிருந்து பார்க்க என்னை உட்காரவைத்தது இந்தத் தேடல். அதற்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு, பாறையை அப்படியே விட்டுவருவது. நான் வைத்த பெட்டியைச் சரிபார்க்கப் போகும்போது பதிவேட்டை அப்புறம்தான் திறப்பேன். முதலில் சுற்றிலும் தரையைப் பார்ப்பேன். உள்ளே பெயர்கள் கூடியிருந்தும் வெளியே புதிதாக ஒற்றையடிப் பாதை எதுவும் விழாமல் இருந்தால், அந்தப் பெட்டியை அங்கேயே விடுகிறேன். பாதை விழத் தொடங்கியிருந்தால், எத்தனை பேர் அதைப் பாராட்டி எழுதியிருந்தாலும், எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன்.