தாலக் கணக்கில் இல்லாத முகம்

வீடற்ற மனிதரின் முகத்தைச் சிலையாக்க முனைபவருக்கு முதலில் இடிப்பது, உடலை முகநீளத்தின் மடங்குகளால் அளக்கும் தாலக் கணக்கு. மாமல்லபுரத்துப் பட்டறைகளில் உத்தம தசதாலம் திருமாலுக்கும் சிவனுக்கும், பஞ்சதாலம் பிள்ளையாருக்கும், அஷ்டதாலம் மனிதருக்கும் உரியவை. இன்னார் என்ற ஒருவருடைய மூக்குக்கும் தாடைக்கும் அதில் இடமில்லை. அதற்கு ஆளை எதிரே உட்காரவைத்துக் களிமண் பிசைய வேண்டும்.

சென்னையில் அந்தப் பழக்கத்தை ஊன்றியவர்களில் முதன்மையானவர், 1929 முதல் 1957 வரை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையை ஊரே அறியும். குளிரில் ஒடுங்கும் முதுமையை வடித்த அவருடைய வெண்கலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அவர் கையிலும் அது வறுமையின் உருவமாகத்தான் நின்றது. ஓர் ஆளின் முகமாகவில்லை.

இந்தத் தொழிலில் எளிதில் வசப்படாதது பார்வை. தரையில் அமர்ந்தவரை நின்றபடி பார்த்தால் நெற்றி பெருக்கும், தாடை ஒடுங்கும். பரிதாபம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கலைஞரும் தரையில் உட்கார வேண்டும். ஸ்பானிய ஓவியர் ரிபெரா 1642இல் தீட்டிய ஊனமுற்ற பிச்சைக்காரச் சிறுவன் தாழ்ந்த தொடுவானத்துக்கு மேல், வானமே பின்னணியாக, சிரித்தபடி நிமிர்ந்து நிற்கிறான். பார்வை மட்டத்தை அந்த அளவுக்கு இறக்கத் துணிந்தவர் சிலரே. அதைவிடக் கடினம், உட்காருபவரே கொண்டுவரும் முகம். பிறர் எதிர்பார்க்கும் இரக்கும் முகத்தையே அவர் முதலில் தருவார். பேச்சு அவர் செய்த கொத்து வேலைக்கோ வலைக்கோ பாசிமணிக்கோ போன பிறகுதான் இமை நிமிரும். தெய்வச் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில். இங்கே கண்ணைக் கடைசிக்கு விட்டால் அதற்குள் பிச்சைக்கார முகம் உறைந்துபோயிருக்கும். சுருக்கங்களும் கையை இழுக்கும். உப்புக் காற்றில் காய்ந்த தோலில் உளி ஆழமாக இறங்கத் துடிக்கும். பாதியில் நிறுத்துவதே திறமை.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்பவரை எல்லோரும் வணங்குகிறார்கள். அதே உடல் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில் படுத்திருந்தால் சோம்பேறி என்றோ குடிகாரர் என்றோ முடிவாகிவிடுகிறது. சிற்பிகளின் ஊரை ஒட்டிய பூஞ்சேரியிலேயே நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் பட்டா பெற 2021 தீபாவளி வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய முகத்தைப் பிடிக்க இப்போதைய குறுக்குவழி வேறு. தூங்குபவரை எட்ட நின்று ஜூம் செய்து கைபேசியில் எடுப்பது, கறுப்புவெள்ளையாக்கிச் சுருக்கங்களைக் கூட்டுவது, அதைப் பார்த்துக் கரியில் தீட்டிப் 'பெயரற்ற முதியவர்' என்று மாட்டுவது. பெயர் இல்லாமல் இல்லை, கேட்கவில்லை. கேட்காமல் எடுத்த முகம் திருட்டு. கணினி இயக்கும் உளி இதையே கருங்கல்லிலும் செய்துவிடும்.

உட்காருபவருக்கு ஓவிய வகுப்பு மாடலுக்கு உரிய கூலியை அன்றன்றே, வேலை தொடங்கும் முன் கொடுப்பது முறை. பீடத்தில் பெயர் பொறிப்பது அவர் சம்மதத்தைப் பொறுத்தது. உறவினர் கண்ணில் படக்கூடாது என்று மறுப்பவரும் உண்டு.