நெற்று காட்டும் தல விருட்சம்

சீர்காழியில் தோணியப்பரைத் தரிசிக்கும் அன்பர்கள், நகரை ஒட்டி மேற்கே அமைந்த திருக்கோலக்காவுக்கும் சென்று வருவது வழக்கம். பிஞ்சுக் கைகளால் தாளமிட்டுப் பாடிய ஞானசம்பந்தப் பெருமானுக்கு இறைவன் பொற்றாளம் அருளிய தலம் அது. அத்தாளத்துக்கு ஓசை தந்ததால் அம்பிகைக்கு ஓசை கொடுத்த நாயகி என்பது திருநாமம். தல விருட்சம் கொன்றை.

சித்திரை, வைகாசியில் வருவோருக்குக் கொன்றையை எவரும் காட்டித்தர வேண்டியதில்லை; பொன்னிறச் சரங்களே காட்டிவிடும். மற்ற மாதங்களில்தான் தடுமாற்றம். பூவின்றி, இலையும் உதிர்ந்து நிற்கும் மரத்தைப் பட்டுப்போனதென்று எண்ணி வணங்காமலே கடந்து போவோரும் உண்டு. சற்றே அண்ணாந்து பார்த்தால் ஐயம் தீரும். ஓர் அடி முதல் இரண்டடி வரை நீண்டு, கோல்போல் உருண்டு, கருத்த காய்கள் கிளைகளில் தொங்கும். உதிர்ந்த நெற்று ஒன்றை உடைத்தால், காசுகளை அடுக்கியதுபோல் குறுக்குத் தடுப்புகள்; அறைக்கு ஒரு விதை; சுற்றிலும் பிசுபிசுப்பான கரிய சதை. சித்த மருத்துவத்தில் மலமிளக்கியாக வழங்கும் சரக்கொன்றைப் புளி இதுவே.

சாலையோரங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் பெருங்கொன்றையும் மஞ்சளாகவே பூக்கிறது. பெயரிலும் கொன்றை இருக்கிறது. ஆனால் அதன் காய் குட்டையானது. தட்டையாக, செம்பு நிறத்தில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. சிவபெருமான் சடையில் சூடும் கொன்றை அதுவன்று.

இந்த வேறுபாடு சிறிதன்று. தல விருட்சம் முதிர்ந்து சாயும்போது அதே இனத்துக் கன்றை அவ்விடத்தில் நடுவதே முறை. கொன்றை என்று பெயரை மட்டும் சொல்லிக் கன்று கேட்டால் எது வந்து சேரும் என்று சொல்வதற்கில்லை. தாய்மரத்தடியில் உதிர்ந்த நெற்றிலிருந்து எடுத்த விதைக்கு அந்த ஐயம் இல்லை. விதையின் தோல் மிகக் கடினம் என்பதால், ஓரத்தைக் கல்லில் சிறிது உரசி, நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். மரத்தில் இருக்கும் காயைப் பறிப்பது மட்டும் கூடாது.

வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே திருப்புன்கூர். திருநாளைப்போவாரின் கண்குளிரத் தம் திருவுருவைக் காட்ட, நந்தியை விலகச் செய்த சிவலோகநாதர் எழுந்தருளியிருக்கும் ஊர். புன்கு என்னும் புங்கமரமே ஊர்ப் பெயரில் இருக்கிறது. அதன் காய் இரண்டு அங்குலத்துக்குச் சற்று கூடவோ குறையவோ இருக்கும். தட்டையாக, கட்டைபோல் தடித்து, நுனியில் சிறு கொக்கியோடு முடியும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. மற்றக் காய்களைப்போல் வெடித்து விதை சிதறுவதில்லை. முற்றியபின்னும் மூடியபடியே விழுந்து, நீரோடு மிதந்து போய்க் கரையேறி முளைக்கும். வாய்க்கால் ஓரங்களில் புங்கமரம் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கசப்பான அவ்விதையின் எண்ணெயை விளக்கெரிக்கவும் தோல் நோய்களுக்குப் பூசவும் முன்னோர் பயன்படுத்தினர்.

இதே மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள மற்றொரு தலம் திருவாளப்புத்தூர், பழம்பெயர் திருவாழ்கொளிபுத்தூர். அர்ச்சுனனின் வாளை மாணிக்கவண்ணப் பெருமான் ஒளித்துவைத்ததாகத் தலவரலாறு கூறும். வெற்றி பெற்றோர் சூடிய வாகையே இங்கே தல விருட்சம் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தூங்குமூஞ்சி மரத்தை வாகை என்று கொள்வோர் பலர். அயல்நாட்டிலிருந்து வந்த அம்மரத்தின் காய் கருத்து, தடித்து, இனிப்பான சதையோடு இருக்கும். வாகையின் நெற்றோ ஓலைநறுக்குப்போல் தட்டையாக, வைக்கோல் நிறத்தில், விதை இருக்கும் இடங்களில் மட்டும் புடைத்திருக்கும். இலையுதிர்ந்த பின்னும் நெடுநாள் கிளையிலேயே தங்கியிருப்பதால், காற்று வீசும்போதெல்லாம் உள்ளிருக்கும் விதைகள் கலகலவென்று ஒலிக்கும். பார்வை மங்கிய முதியவர்களும் அவ்வொலியைக் கேட்டே மரம் இருக்கும் திசையறிந்து கைகூப்பலாம்.