அறுத்துத் தைத்த உடம்பு

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் வழக்கமாக நடை திறப்பார்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கும், யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. போகிற வழியில் ஒரு சாக்கில் நாலு நாய்க்குட்டிகளை விட்டுப் போயிருந்தார்கள். நாலும் பெட்டை. கடுவனாக இருந்தால் வீட்டிலேயே வந்து கேட்டு வாங்கிப் போயிருப்பார்கள். நான் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் வந்தேன். மற்ற மூன்றையும் இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அந்தக் கனம்தான் செவலைக்கு ஏழு மாதம் ஆனபோது என்னை மாட்டாஸ்பத்திரி வாசலில் நிறுத்தியது. நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். வருஷத்துக்கு இரண்டு ஈத்து கூட வரும். ஒவ்வொரு ஈத்துக்கும் ஒரு சாக்கு என்று எண்ணிப் பாருங்கள். கருத்தடை செய்துவிட்டால் வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கோக்கும் ஆபத்தும் இல்லை.

சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், 1964லேயே தெருநாய்களுக்கு இந்த ஆபரேஷனைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. மாநகராட்சி அதோடு கைகோத்தது 1996இல். நாடு முழுமைக்கும் விதி வந்தது 2001இல். அத்தனை வருஷப் பழக்கம் இருக்கிற ஆபரேஷன் என்பதால் எனக்குப் பயம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் புண் ஆறும்வரை நாயைக் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்தால் கூண்டும் நாம்தான், ஆளும் நாம்தான். அதை நான் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாள் மயக்கத்திலேயே போனது. மறுநாள் காலையில் எழுந்தாள், வாலை ஆட்டினாள், கட்டில்மேல் தாவப் பார்த்தாள். தொப்புளுக்குக் கீழே நீளவாக்கில் தையல் போட்ட வயிறு என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. வலி மருந்து நன்றாக வேலை செய்கிற குட்டிதான் அதிகமாகத் துள்ளும். மேலே தோல் நாலைந்து நாளில் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். குடலைத் தாங்கி நிற்பதோ அதற்கு அடியில் இருக்கிற வயிற்றுச் சுவர். அது பலம் பிடிக்க நாளாகும். பத்திலிருந்து பதினாலு நாள் ஓடக்கூடாது, தாவக்கூடாது, படி ஏறக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதன் பொருள் அதுதான்.

நான் செய்தது கட்டிப் போட்டது. திண்ணைத் தூணில் சங்கிலி. நாலாம் நாள் தெருவில் செம்மறிக் கிடை ஒன்று போனது. குலைத்துக்கொண்டே திண்ணையிலிருந்து குதித்தாள். சங்கிலி பாதியில் இழுத்து நிறுத்தியது. சாயங்காலம் பார்த்தால் தையலுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். நல்லவேளை, உள்தையல் விடவில்லை, நீர்தான் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். தையல் வாய் பிளந்தாலோ, ரத்தம் சொட்டினாலோ, நாற்றம் அடித்தாலோ, ஈறு வெளுத்தாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அன்றைக்கு அம்மா தன் பாயை எடுத்துக்கொண்டுபோய் செவலை பக்கத்தில் விரித்தார்.

“எனக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆன எட்டாம் நாளே ஒங்க அப்பாயி பருத்திக் காட்டுக்கு அனுப்பிச்சு தம்பி. அறுத்துத் தச்ச ஒடம்புன்னு யாரு பாத்தா? இதாவது படுத்துக் கெடக்கட்டும்.”

எத்தனையோ வருஷமாக அவர் என்னிடம் சொல்லாத விஷயம். எனக்குப் பதில் வரவில்லை. சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மாவின் கைப்பக்குவம். கயிற்றுக் கட்டிலை ஒருக்களித்து நிறுத்தி, நடுக்கூடத்து மூலையைச் சின்ன அறைபோல அடைத்தார். தெரு தெரியாதபடி ஜன்னலில் பழைய வேட்டி தொங்கியது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருந்ததால் சோற்றுத் தட்டில் வாய் வைக்கும்போதெல்லாம் இடித்துக்கொண்டாள். சாப்பிடுகிற நேரம் மட்டும் கழற்றிவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நக்க விட்டால் ஐந்து நிமிஷத்தில் தையலைப் பிரித்துவிடுவாள். வெளிக்குப் போக மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரம்வரை நடை.

குட்டியை ஓடவிட்டுக் களைக்க வைத்தால்தான் அடங்கும் என்பது என் எண்ணம். காலையும் மாலையும் பந்து எறிந்து எறிந்து, சும்மா இருக்கிற பழக்கமே இல்லாமல் அவளை வளர்த்திருந்தேன். அவளை அடக்கியது ஓட்டம் அல்ல, மூக்கு. நமக்கு மோப்பச் செல்கள் சில பத்து லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். அம்மா ஒரு கோணிச்சாக்கை நாலாக மடித்து, மடிப்புக்குள்ளே வேகவைத்த முட்டையைத் துணுக்குத் துணுக்காக ஒளித்து வைப்பார். செவலை படுத்தபடியே மூக்கை நுழைத்து, மூச்சை இழுத்து இழுத்துத் தேடுவாள். கால் மணி நேரம் ஆகும். பிறகு கொட்டாங்கச்சியில் தடவிய தயிர். நக்கி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். குட்டி நாய் நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கவேண்டிய உயிர். அந்தத் தூக்கத்தை இத்தனை மாதமாகக் கெடுத்தது நான்தான்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் பக்கம் சின்ன வெங்காயச் சீமை. அறுவடை முடிந்தால் காட்டுக்குக் காடு பட்டறை போட்டு வைத்திருப்பார்கள். வெங்காயம் போடாத குழம்பு எந்த வீட்டிலும் கிடையாது. அந்தச் சாம்பார்ச் சோற்றைத்தான் பாசத்தோடு நாய்க்கும் வைக்கிறோம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆபரேஷன் ஆன உடம்புக்கு அது இன்னும் கெடுதல். அதேபோல வீட்டில் இருக்கிற புரூஃபன் மாத்திரையை வலிக்கு என்று கொடுத்துவிடாதீர்கள். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். தையல்மேல் மஞ்சளும் விபூதியும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தது போதும்.

வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. பதினாலாம் நாள் தையல் பிரித்தார்கள். கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை, அம்மா தலையைத் தடவிக்கொண்டிருக்க, செவலை மல்லாந்து படுத்திருந்தாள்.

இதைப் படித்துவிட்டு பெரம்பலூரிலோ அரியலூரிலோ யாராவது கோயில் வாசலிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தால் சந்தோஷப்படுவேன். அதற்கு ஆபரேஷன் செய்யுங்கள். தேதி வாங்கும்போதே, அந்த இரண்டு வாரமும் அதன் பக்கத்தில் பாய் விரிக்கப் போகிறவர் யார் என்பதையும் வீட்டில் பேசி வையுங்கள்.