தோளும் காதும்

துப்பாக்கி சுடுகிறவனுக்கு இரண்டு தண்டனைகள் உண்டு. ஒன்று தோளுக்கு, மற்றொன்று காதுக்கு. நாம் வேட்டைக்காரரல்ல, செங்கற்பட்டில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயர். ஆயினும் நியூட்டனின் மூன்றாவது விதியை விளக்கும் போதெல்லாம் துப்பாக்கியின் உதவியை நாடாமல் முடிவதில்லை.

இரண்டு உலக யுத்தங்களிலும் இந்தியச் சிப்பாய்கள் தூக்கிய 303 ரகத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 4 கிலோ. குண்டின் எடையோ ஏறக்குறைய 11 கிராம்தான். அந்த 11 கிராம் விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் முன்னே பாயும்போது, துப்பாக்கி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே வந்து தோளை உதைக்கிறது. குண்டைத் தொடர்ந்து சீறி வரும் வாயுவும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது.

இந்த வாயுவை மடக்கி உதையைக் குறைக்க ஒரு யுக்தி உண்டு. குழலின் நுனியில், பக்கவாட்டில் துவாரங்களுள்ள உலோகத் துண்டு ஒன்றைத் திருகிவிடுகிறார்கள். மஸில் பிரேக் என்று அதற்குப் பெயர். முன்னே போக வேண்டிய வாயு அதன் சுவர்களில் மோதித் துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளிவிட்டு, பக்கங்களிலும் பின்புறமாகவும் திரும்புகிறது. உதை பாதியளவு குறைவதும் உண்டு. பேஷான யுக்திதான். ஆனால் வாயுவோடு சப்தமும் அல்லவா திரும்புகிறது! தோளுக்குக் கிடைத்த சலுகைக்குக் காது வட்டி கட்டுகிறது. சுட்டவன் காது மாத்திரமல்ல. பக்கத்தில் சும்மா நின்றவன் காதும்தான். 140 டெஸிபலுக்கு மேற்பட்ட வெடிச் சப்தம் ஒரே தடவையில் செவியைக் கெடுத்துவிடக் கூடும். பெரிய துப்பாக்கிகள் சாதாரணமாகவே 150-ஐத் தாண்டுகின்றன. பிரேக் பூட்டினால் இன்னும் அதிகம்.

நம் தெருவில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். இடது காது மாத்திரம் மந்தம். காரணம் கேட்டோம்.

"வாத்தியார் ஸார், துப்பாக்கியை வலது தோளில் அண்டக் கொடுத்துக் கன்னத்தைச் சாய்த்தால், இடது காதுதானே குழல் வாய்க்குச் சமீபம்? வலது காதுக்குத் தலையே மறைப்பு. காலில் குண்டு பட்டிருந்தால் ஊரார் மரியாதை செய்வார்கள். காதில் சப்தம் பட்டதற்குப் பேரன் கேலி செய்கிறான்!" என்றார்.

இதிலே இன்னொரு விசித்திரம். சப்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இந்தக் குண்டின் வேகம் அதைப்போல் இரு மடங்கு. ஆகையால் குண்டு பட்டு விழும் பிராணி வெடியைக் கேட்பதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. கேட்டு நடுங்குபவை குறி வைக்கப்படாத மற்றவைதாம்.

இதை நம் ஜில்லாவில் முதலில் உணர்ந்து நியாயம் கேட்டவர்கள் பண்டிதர்களல்லர். மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் குடியானவர்கள். ஏரியில் பறவைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். நாலு பறவை விழுந்தது ஒரு நஷ்டம். வெடிக்கு அஞ்சி மற்றவை ஏரியை விட்டுப் போய்விட்டால் விளைச்சலுக்கே நஷ்டம். கிராமத்தார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றார்கள். 1858-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல்தான் வந்தது. 2022-இல் அந்த ஏரி ராம்ஸார் பட்டியலிலும் சேர்ந்தது. சட்டத்துக்கு வெகு முன்பே நாட்டுப்புறத்தார் வழி காட்டிவிட்டார்கள்.

சென்ற மார்கழியில் நம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் மரம் தெரியாமல் அடைந்திருந்தன. மறுநாள் மாமல்லபுரம் போய், அர்ஜுனன் தபசு என்று பலரும் சொல்லும் பாறைச் சிற்பத்தைக் காட்டினோம். "பாசுபதம் என்ற அஸ்திரத்தைப் பெறத் தவம் செய்கிறான்" என்று விளக்கியபோது ஒரு சிறுமி, "ஆயுதம் கேட்கிறவன் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது, இந்த மான்கள் ஏன் ஸார் ஓடவில்லை?" என்றாள். "அவன் அவற்றுக்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லையே, அம்மா" என்றோம்.

நம் தேசத்தில் வேட்டை நின்றது, சப்தம் நிற்கவில்லை. நார்வே, பின்லாந்து நாடுகளில் வேட்டைக்காரர்களே உதையோடு சப்தத்தையும் குறைக்கும் கருவியைப் பூட்டுகிறார்கள். நாமோ மாமல்லபுரச் சாலையில் நமது அவசரத்துக்காக ஊரார் செவியில் ஹாரனை அடிக்கிறோம். கலியாண வீட்டு ஒலிபெருக்கியை நோயாளி வீட்டுப் பக்கம் திருப்புகிறோம். நம் தோளுக்குச் சௌகரியம். அயலார் காதுக்கு உதை.

வேடந்தாங்கலில் தீபாவளியன்றும் வெடி போடுவதைத் தவிர்க்கும் வழக்கம் இருக்கிறது. பண்டிகைக்கு அதனால் குறைவு ஒன்றுமில்லை. கூட்டில் இருக்கும் பறவை பறந்துவிடக் கூடாது என்று அங்கே குழந்தைகளுக்கும் தெரியும்.