ஷீட் கணக்கில் வெளுக்கும் முகங்கள்

கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளை, பெண், தாய்மாமன், அத்தை, பந்தியில் பரிமாறியவர் வரை எல்லோருடைய முகமும் ஒரே மாவைப் பிசைந்து செய்ததுபோல் இருக்கிறது. காரணம் கேட்டால், நம் ஜனங்களுக்கு வெள்ளைத் தோல் மோகம் என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் போதாது. போட்டோ டச்சப் வேலையை எப்படிக் கற்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து டிசைன் கூடங்களில் உட்கார்ந்து பார்த்தபின், முகம் வெளுப்பதற்கு ரசனையைவிடக் கூலிமுறைதான் பெரிய காரணம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். முகத்துக்கு உரியவர் ஓர் ஊரில், அதைத் திருத்துகிறவர் இன்னோர் ஊரில். அவருக்குக் கூலியோ ஷீட்டுக்கு இவ்வளவு என்று. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட கைகாரரும் மாவுதான் பிசைவார்.

ஷீட் என்பது ஆல்பத்தை விரித்தால் கண்முன் வரும் இரு பக்கமும் சேர்ந்த ஒற்றைப் படம். 12க்கு 36 அங்குல ஷீட்டை அச்சுக்குரிய 300 டிபிஐ அளவில் அமைத்தால் நீளம் 10,800 பிக்சல், உயரம் 3,600 பிக்சல், மொத்தம் ஏறத்தாழ 3 கோடியே 89 லட்சம் பிக்சல். அதில் ஐந்தாறு படங்கள் வரும். நடுவில் ஒரு குரூப் போட்டோ விழுந்துவிட்டால் முகங்கள் இருபது, முப்பது ஆகிவிடும். ஒரு முகம் இருக்கும் ஷீட்டுக்கும் முப்பது முகம் இருக்கும் ஷீட்டுக்கும் கூலி ஒன்றே. ஸ்டூடியோவிலிருந்து ஹார்ட் டிஸ்கிலோ கூகுள் டிரைவிலோ வந்த படங்களைப் பழகிப்போன பிஎஸ்டி டெம்ப்ளேட்டில் இறக்கி, பின்னால் பூவையோ கோபுரத்தையோ வைத்து, அடுத்ததற்குப் போகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருப்பது அலுப்பான காரியம், செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

தொழில் இருப்பது முகத்தில். ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. முகத் திருத்தத்தில் அதன் பெரிய தாவல் 2002-இல், ஏழாம் பதிப்பில் வந்த ஹீலிங் பிரஷ். அதற்கு முன்பிருந்த குளோன் ஸ்டாம்ப், ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோரிடத்தில் அப்படியே ஒட்டும், கன்னத்துத் தோலை நெற்றியில் வைத்தால் ஒட்டுப்போட்டது தெரியும். ஹீலிங் பிரஷ் எடுத்த இடத்திலிருந்து தோலின் நெசவை மட்டும் கொண்டுவந்து, வைக்கும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் பொருத்திவிடுகிறது. தோலில் நெசவு வேறு, நிறம் வேறு என்ற இந்தப் பிரிவினையை முழு முகத்துக்கும் விரித்தால் அதுதான் ஃப்ரீக்வென்சி செபரேஷன். படத்தை இரண்டு பிரதியாக்கி, கீழ் லேயரைக் காஸியன் பிளர் போட்டு மங்கவைத்து, மேல் லேயரிலிருந்து அதைக் கழித்து (எட்டு பிட் படத்துக்கு ஸ்கேல் 2, ஆஃப்செட் 128), லீனியர் லைட்டில் வைத்தால் பழைய படம் மாறாமல் திரும்பி வரும். ஆனால் இப்போது கீழே நிறமும் நிழலும் மட்டும், மேலே மயிர்க்கால், சுருக்கம், பரு. கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைக் கீழ் லேயரில் குறைத்தால் மேலே தோல் தோலாகவே இருக்கும். அதன்பின் டாட்ஜ், பர்ன். மூக்குத்தண்டில் விழும் ஒளியைக் கொஞ்சம் ஏற்றி, தாடையோரத்தை ஒரு சாயல் இறக்குவது. எந்தத் தேமலை விடுவது, எதை எடுப்பது என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்கவேண்டிய வேலை இது.

ஷீட் கூலியில் அதற்கு நேரம் கிடையாது. எனவே முகத்தை மெழுகும் பிளகின் ஒன்றைத் தட்டுகிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட நிற வரம்பைத் தோல் என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் அகப்பட்டதையெல்லாம் வழவழப்பாக்கும். சந்தனம், பட்டு ஜரிகை, தேக்குக் கதவு எல்லாம் அந்த வரம்புக்குள் சிக்கிவிடலாம். பிறகு வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கோடான கர்வ்ஸைத் திறந்து நடுவில் பிடித்து மேலே ஓர் இழுப்பு. கறுத்த தோலின் அழகே அதன் மினுமினுப்புக்கும் ஆழ்ந்த நிழலுக்கும் உள்ள தூரம்தான். நடுவைத் தூக்கினால் அந்தத் தூரம் சுருங்கி முகம் சாம்பல் பூத்துவிடும். அவசரத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் கழுத்தையும் காதையும் கையையும் பாருங்கள். மருதாணிக் கை மாநிறத்தில் இருக்க, அதே பெண்ணின் முகம் ரோஸ் பவுடர் நிறத்தில் இருக்கும். வெள்ளைத் தோல்தான் வேண்டும் என்று யாராவது உண்மையிலேயே திட்டமிட்டிருந்தால் கையையும் சேர்த்தல்லவா வெளுத்திருப்பார்கள்?

இந்தத் தொழிலுக்கு வெளுப்பை நோக்கிய சாய்வு பிறவியிலேயே உண்டு என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவு சரிதான். மியூனிக் நகரத்துப் படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கிள் 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் நெகட்டிவைத் திருத்திப் போட்ட உருவப்படத்தைக் காட்டிய காலத்திலிருந்தே, டச்சிங் என்பது பெரும்பாலும் வெளுக்கும் வேலை. நெகட்டிவில் பென்சிலால் தீட்டிய இடம் பிரிண்டில் வெளிறும், கறுக்கவேண்டுமானால் கத்தியால் எமல்ஷனைச் சுரண்டவேண்டும், கை தவறினால் படம் போயிற்று. ஆகவே பென்சில்காரருக்கு வெளுப்பது சுலபம், கறுப்பது ஆபத்து. பின்னால் கலர் பிரிண்டுக்கு கோடக் அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் நெடுங்காலம் இருந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஆனால் இன்றைய மென்பொருளில் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே உழைப்புதான், தப்பினால் கன்ட்ரோல் இசட் இருக்கிறது. கருவியின் கட்டாயம் போய்விட்டது. பழக்கம் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

பதில் அதே கூடங்களிலேயே இருக்கிறது. திண்டுக்கல்லில் நான் பார்த்த நடுவயதுப் பெண் டிசைனர் பகலில் ஷீட் போடுகிறார், பிளகின் தட்டுகிறார், கர்வ்ஸ் இழுக்கிறார். அவரே, அதே கம்ப்யூட்டரில், மாலையில் செய்வது மாலை போடும் படங்கள். இறந்தவருக்கு நல்ல படம் இல்லாத வீட்டார் பழைய குரூப் போட்டோவையோ ரேஷன் கார்டையோ கொண்டுவருகிறார்கள். தனித்தனியே எடுத்த தாயையும் தகப்பனையும் ஒரே சட்டத்தில் உட்காரவைக்கக் கேட்கிறார்கள். கற்பனைத் திருத்தம் என்று வகுப்புகளில் சொல்லித்தரும் வித்தையெல்லாம் இங்கே சோற்றுக்கு உதவுகிறது. ஒருவர் மேல் வெளிச்சம் இடமிருந்து, மற்றவர் மேல் வலமிருந்து. தலை அளவு வேறு, பார்வை போகும் திசை வேறு. ஒன்றில் பிலிம் புள்ளி தெரியும், மற்றது செல்போன் படம், வழவழவென்று இருக்கும். வெளிச்சத்தைச் சரிக்கட்ட ஒருவரை இடம்வலம் திருப்பிவிடலாம் என்று புதிதாகக் கற்றவருக்குத் தோன்றும். திருப்பினால் மூக்குத்தி மறுபக்கம் போகும், முந்தானை தோள் மாறும், சட்டைப் பை வலப்பக்கம் வரும், வகிடு இடம் மாறும். பையையும் முந்தானையையும் டிசைனரே கண்டுபிடித்துவிடுவார். மூக்குத்தியை, தாடை மருவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மகள்தான் சொல்லவேண்டும். சொல்லவும் செய்கிறார். அம்மாவை வெளுக்கச் சொல்வதில்லை, வெளுத்தால்தான் சண்டைக்கு வருகிறார். அங்கே கூலி படத்துக்கு, முகத்தை அறிந்தவர் அருகில். கையும் மென்பொருளும் மாறவில்லை, ஏற்பாடுதான் மாறியிருக்கிறது. முகம் தப்பிவிடுகிறது.

கல்யாண வீட்டார் வாய்விட்டே வெளுப்பைக் கேட்கிறார்களே என்பது வலுவான மறுப்பு. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போக 2020 வரை ஆயிற்று, அதுவும் பெயர்தான் போனது. மோகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்டூடியோவில் கேட்கப்படுவது பெரும்பாலும் ‘கொஞ்சம் பிரைட்டா’ என்பதுதான். அதற்கு இரண்டு விதமாகப் பதில் செய்யலாம். கண்குழி நிழலைத் தளர்த்தி, பின்னணியை ஒரு படி இறக்கி, முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தைக் கூட்டுவது ஒன்று. தோலையே மாற்றிவிடுவது இன்னொன்று. முதல் வழியில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் வெளுக்கச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் முதல் வழி அவர்களுக்குக் காட்டப்படுவதே இல்லை. ‘பிரைட்டா’ என்ற சொல் ஸ்டூடியோக்காரர் வழியாக, ஆல்பம் அச்சிடும் லேப்காரர் வழியாக, கூடத்துக்கு வந்துசேரும்போது கர்வ்ஸில் ஓர் இழுப்பாகிவிடுகிறது.

இதெல்லாம் இனி எதற்கு, ஏஐ செய்துவிடுமே என்பவர்களும் உண்டு. 2023-இல் ஃபோட்டோஷாப்புக்கு வந்த ஜெனரேட்டிவ் ஃபில், மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியையும் மின்கம்பியையும் நொடியில் துடைத்துத் தருகிறது. அதை வேண்டாம் என்பது வீம்பு. ஆனால் மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள், இல்லாத கண் இமையையும் பல் வரிசையையும் தாம் பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகின்றன. கிடைப்பது தெளிவான முகம், யாரோ ஒருவருடையது. இது அப்பா இல்லை என்று சொல்ல வீட்டார் ஒருவர் வேண்டும், அதைக் கேட்டுத் திருத்த ஒரு கை வேண்டும். பயிற்சி மையங்களோ எந்தப் பட்டன் எங்கே என்பதைக் கற்றுத் தருகின்றன. முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி வெளிச்சத்தின் போக்கை மட்டும் பார்த்துப் பழகும் எளிய பயிற்சிக்குக்கூடப் பாடத்திட்டத்தில் இடம் காணோம். அதைக் கற்றவருக்கும் ஷீட்டுக்கு அதே காசு என்றால் எந்த மாணவர் மெனக்கெடுவார்?

வீட்டார் தருவது போட்டோ, வீடியோ, ட்ரோன், ஆல்பம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் தொகை. அது ஸ்டூடியோவிலும் லேபிலும் தங்கித் தங்கி வந்து, முகத்தைத் தொடுகிற கைக்குக் கடைசியில் சொட்டுகிறது. ‘கரெக்‌ஷன்’ என்று திரும்பி வரும் ஷீட்டுக்கு அந்தச் சொட்டும் கிடையாது, இலவசமாகவே செய்துதர வேண்டும். நான் சொல்லும் மாற்று பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பெண், மாப்பிள்ளை, பெற்றோர் என்று முக்கியமான சில முகங்களை வீட்டாரே குறித்துத் தரட்டும். அவற்றுக்கு மட்டும் முகக் கணக்கில் கூலி, அச்சுக்கு முன் டிசைனரோடு நேராக ஒருமுறை உட்கார்ந்து பார்க்கும் உரிமை. விலையை ஏற்றினால் கிராக்கி அடுத்த கடைக்குப் போய்விடும் என்கிறார்கள் இடையில் நிற்பவர்கள். ஆல்பத்தின் பேடுக்கும், வெல்வெட் உறைக்கும், திறந்தால் விளக்கு எரியும் பெட்டிக்கும் பில்லில் தனித்தனி வரி போடுகிறவர்களும் அவர்கள்தான். பெட்டிக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிற வீடுகள் முகத்துக்குக் கொடுக்கமாட்டா என்று கேட்டுப் பார்க்காமலே தீர்மானித்திருக்கிறார்கள்.