மைனஸை மைனஸால் வகுத்தால்...

எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. நான் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் எதுவும் கிடையாது :-) அந்த நம்பிக்கையில்தான் மாடி வீட்டு அக்கா ஏழாவது படிக்கும் தன் மகளை என்னிடம் அனுப்பினார். "முழுக்கள் பாடத்துல கோட்டை விட்டுட்டா தம்பி, கொஞ்சம் சொல்லிக்குடு."

விடைத்தாளைப் பார்த்தேன். வகுத்தலில் நான்கு கணக்கு, அதில் மூன்று தப்பு. (−12) ÷ (−4) என்பதற்கு −3 என்று எழுதியிருந்தாள்.

"ரெண்டும் ஒரே குறின்னா விடை ப்ளஸ். வேற வேற குறின்னா மைனஸ். அவ்ளோதான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன்.

"மனப்பாடம் பண்ணிட்டுத்தான்ணா போனேன். பயத்துல எல்லாம் மாறிப்போச்சு. ஏன் அப்படி வருதுன்னு தெரிஞ்சா மறக்காதுல்ல?"

"வகுத்தல்னா பெருக்கலைத் திருப்பிப் போடுறது. எதை −4 ஆல பெருக்கினா −12 வரும்? 3. அதனால விடை 3."

"சரி, 12 ÷ (−4)?"

"−3. ஏன்னா மைனஸை மைனஸால பெருக்கினா ப்ளஸ்."

"அது ஏன்ணா?"

மாட்டிக்கொண்டேன்.

இதே கேள்வியை நானும் ஏழாவது படிக்கும்போது கேட்டிருக்கிறேன். "ரூல்னா ரூல். நீ என்ன பெரிய ராமானுஜனா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் நான் 'ஏன்' என்று கேட்டதே இல்லை. கேட்காமலேயே மார்க் வாங்கினேன், கேட்காமலேயே கல்லூரிக்கும் வந்துவிட்டேன். இப்போது அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ரூல்னா ரூல்" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன்.

அன்று ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதலில் கடனை வைத்துப் பார்த்தேன். டீக்கடையில் மொத்தக் கடன் 12 ரூபாய், அதை 4 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 3 ரூபாய் கடன். (−12) ÷ 4 = −3. சரி. மொத்தக் கடன் 12, ஆளுக்கு 4 ரூபாய் கடன் என்றால் எத்தனை பேர்? 3 பேர். (−12) ÷ (−4) = 3. ஆள் எண்ணிக்கை கடன் இல்லையே, அதனால் ப்ளஸ். இதுவும் சரி. ஆனால் 12 ÷ (−4)? கையில் 12 ரூபாய் இருக்கிறது, ஆளுக்கு 4 ரூபாய் கடன், எத்தனை பேர்? மைனஸ் மூன்று பேர்! அப்படி ஒரு கூட்டத்தை எந்த டீக்கடையிலும் பார்க்க முடியாது. தூங்கப் போய்விட்டேன்.

காலையில் குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் பொறி தட்டியது.

சாயங்காலம் அவள் வந்ததும் தரையில் சாக்பீஸால் ஒரு தண்ணீர்த் தொட்டி வரைந்தேன். இப்போது தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. அதுதான் 0. கோட்டுக்கு மேலே ப்ளஸ், கீழே மைனஸ். இனி வரப்போகும் நேரம் ப்ளஸ், போன நேரம் மைனஸ். குழாய் திறந்திருக்கிறது, மணிக்கு 4 செ.மீ. இறங்குகிறது. அதாவது −4.

"கோட்டுக்கு 12 செ.மீ. கீழே எப்போ போகும்?"

"மூணு மணி நேரம் கழிச்சு."

"(−12) ÷ (−4) = 3. சரி, 12 செ.மீ. மேலே எப்போ இருந்துச்சு?"

"மூணு மணி நேரம் முன்னாடி..." என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அதான் மைனஸ் மூணா!"

குழாயை மூடி மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்பதை அவளே சொன்னாள். மணிக்கு 4 ஏறினால், 12 செ.மீ. கீழே இருந்தது 3 மணி நேரம் முன்னாடி. (−12) ÷ 4 = −3.

அப்புறம் தேடிப் படித்தபோது ஒரு ஆறுதல் கிடைத்தது. 628 ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் 'பிராம்மஸ்புட சித்தாந்தம்' நூலில் இந்த விதிகளை எழுதிவிட்டார். ப்ளஸ் எண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'தனம்', மைனஸ் எண்ணுக்கு 'ருணம்', அதாவது கடன். அதற்கு ஆயிரம் வருஷம் கழித்தும், 17 ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அந்துவான் ஆர்னோ என்ற அறிஞர் குழம்பியிருக்கிறார். 1 ÷ (−1), (−1) ÷ 1 இரண்டுக்கும் விடை −1 தான். பெரியதைச் சின்னதால் வகுப்பதும், சின்னதைப் பெரியதால் வகுப்பதும் எப்படி ஒன்றாகும் என்பது அவர் கேள்வி. பெரிசு, சின்னது என்று மட்டும் பார்த்தால் குழப்பம்தான். குறியை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று திசையாகப் பார்த்தால் எங்கள் தொட்டியே பதில் சொல்லிவிடும். அவ்வளவு பெரிய அறிஞரே கேட்ட கேள்விக்குத்தான் அன்று வகுப்பு சிரித்தது!

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "அண்ணா, (−12) ÷ 0?"

"நீயே சொல்லேன்."

யோசித்தாள். "குழாயும் மூடியாச்சு, மோட்டாரும் போடல. தண்ணி அப்படியே நிக்குது. 12 செ.மீ. கீழே எப்பவுமே போகாது. விடையே கிடையாது!"

"அப்போ 0 ÷ 0?"

"தண்ணி கோட்டுலயே நிக்குது. எந்த நேரத்தைச் சொன்னாலும் சரிதான்... ஒரே விடைன்னு சொல்ல முடியாதேண்ணா."

0 ÷ 0 என்பது 0 தான் என்று எழுதியவர் பிரம்மகுப்தர். அந்த இடத்தில் மட்டும் அவர் சறுக்கிவிட்டார். மாடி வீட்டுப் பெண் சறுக்கவில்லை.

அடுத்த பரீட்சையில் அவள் எவ்வளவு வாங்குவாள் என்று தெரியாது. ஆனால் தினமும் ஒரு 'ஏன்' கொண்டுவருகிறாள். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரிவதில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்கிறேன். ஏழாவதில் விட்ட இடத்திலிருந்து நானும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.